வாளுக்கோர் எஃகு, வண்டிக்கோர் எஃகு

நம் சங்க மலருக்கு அடியேனிடம் கட்டுரை கேட்டால் பாலக்காட்டுச் சமணத் தடயங்களைப் பற்றியோ கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளைப் பற்றியோ எழுதிக் கொடுப்பது வழக்கம். இம்முறை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எனக்குச் சோறு போட்டுவரும் இரும்பைப் பற்றி எழுதுகிறேன். இரும்பு என்று பொதுவாகச் சொன்னால் அது பெருங்கடல். அதில் ஒரு சிறு துளி மட்டும்: லாரி, பஸ், கார்களின் ஸ்டியரிங் பாகங்களுக்கென்று தனியாக உருவாக்கப்படும் எஃகு. இதற்கு என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கொடுமணலில் தொடங்கி லண்டன் போய், பேப்பூர் வழியாகச் சென்னைக்கும் சேலத்துக்கும் வந்து சேரும் கதை இது.

முதலில் ஒரு விளக்கம். டிரைவர் வளையத்தைத் திருப்பினால் அது ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இருக்கும் பற்களைத் திருப்புகிறது. அங்கிருந்து ஒரு கை, ஒரு தண்டு, பிறகு இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு. டை ராடின் இரு முனைகளிலும் நாங்கள் கடையில் 'எண்டு' என்று சொல்லும் மூட்டு இருக்கும். அதன் நடுவில் கட்டைவிரல் பருமனில் ஒரு பின். அதன் தலை கோலிக்குண்டு போல் உருண்டையாக இருக்கும். பால் பின் என்று பெயர். பத்து டன் சரக்கும் அதை இழுக்கும் வண்டியும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இந்தச் சின்னப் பின்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சொல்கிறது. இஞ்சின் நின்றால் வண்டி நிற்கும். பிரேக் போனால் கியரைக் குறைத்து, கையால் இழுக்கும் பிரேக்கைப் போட்டு, மலையோரம் உரசியாவது நிறுத்தப் பார்க்கலாம். பால் பின் முறிந்தால் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1978இல், பதினெட்டு வயதில், மாமாவின் உதிரிபாகக் கடைக்குப் பாலக்காடு வந்தேன். வாளையாறு செக்போஸ்டைத் தாண்டும் லாரிகளும், உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கு ஏறும் வண்டிகளும்தான் எங்கள் வாடிக்கை. மாமா இரும்புக்கடை வைத்தபோதே ஊரில் பெரியவர்கள் முகம் சுளித்தார்களாம். இல்லறத்தார்க்கான எங்கள் சமண நூல்களில், உயிர்வதைக்குக் காரணமான கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பது குற்றம் என்று கூறி, மழு, வாள், மண்வெட்டி, சங்கிலி என்று ஒரு பட்டியலே இருக்கிறது. "அதுல லாரி சாமான் இல்லையே" என்று மாமா சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டாராம்.

1991 மழைக்காலத்தில் மறையூரிலிருந்து வெல்லம் ஏற்றிக்கொண்டு சின்னாறு நோக்கி இறங்கிய ஒரு லாரி, வளைவில் திரும்பாமல் நேரே பாறையில் போய் மோதியது. மறுபக்கம் போயிருந்தால் பள்ளம். டிரைவர் விலா எலும்பு முறிந்து பிழைத்தார். கிளீனர் பையனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. முறிந்த எண்டு நான் விற்றது. இரண்டு மாதம் முன்பு ஒரு விற்பனை ஏஜெண்டு, நல்ல கம்பெனிப் பெட்டியைப் போலவே அச்சடித்த பெட்டிகளில் ஒரிஜினலின் பாதி விலைக்குக் கொண்டுவந்து கொடுத்த சரக்கு. பெட்டியைப் பார்த்தேன், பில்லைப் பார்த்தேன். உள்ளே இருந்த இரும்பைப் பார்க்கவில்லை. பாதி விலைக்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

முறிந்த துண்டைப் பொள்ளாச்சிப் பட்டறை மேஸ்திரி ஒருவர் மண்ணெண்ணெயில் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். "நயினாரே, இது அன்னிக்கு முறிஞ்சதில்லீங்க. ரெண்டு மாசமா முறிஞ்சுக்கிட்டே இருந்திருக்குது" என்றார். பார்த்தேன். முறிந்த முகத்தில் முக்கால் பங்கு வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல் வளைவு வளைவாக இருந்தது. மீதிக் கால் பங்கு மட்டும் உடைத்த வெல்லக்கட்டி போலக் கரடுமுரடு. அந்தக் கால் பங்குதான் கடைசி வளைவில் அறுந்தது. மற்றதெல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் மயிரிழை மயிரிழையாக விரிந்துகொண்டே வந்த வெடிப்பு. கோவையில் ஒரு சோதனைச்சாலையில் கொடுத்துப் பார்த்தபோது அதில் குரோமியமே இல்லை, கந்தகம் அளவுக்கு மேல், உள்ளே கசடு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பையனுக்கு என்னாலானதைச் செய்தேன். அதை இங்கே விவரிப்பது முறையாகாது. பெரியவர்களின் பட்டியலில் இதையும் சேர்த்திருக்கலாம் என்று பல இரவு தோன்றியது. எஃகைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

இரும்பும் நம்மைப் போல் களைத்துப் போகும் என்பதை உலகம் ரயிலால் கற்றுக்கொண்டது. 1842 மே மாதம் பாரிஸுக்கு அருகே, வெர்சாயிலிருந்து திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பற்றி, பலர் மாண்டனர். அச்சு நல்ல இரும்புதான், சுமையும் தாங்கும் அளவுதான். பிறகு ஏன் முறிந்தது? பிரஷ்ய ரயில்வேயைச் சேர்ந்த ஆகுஸ்ட் வோலர் என்ற பொறியாளர் 1850, 60களில் அச்சுகளைச் சுழலவிட்டு வருடக்கணக்கில் சோதித்தார். ஒருமுறை வைத்தால் தாங்கும் சுமையை லட்சக்கணக்கான தடவை மாற்றி மாற்றி வைத்தால் தாங்காது என்று நிறுவினார். சின்னாறு ரோட்டில் இறங்கும் லாரியின் பால் பின்னுக்கு ஒரே நாளில் எத்தனை இழுப்பு, எத்தனை தள்ளல் என்று யோசித்துப் பாருங்கள்.

எஃகின் வரலாறு என்று தேடப் போனால் நம்மவர்கள் உடனே கொண்டுபோய் நிறுத்தும் இடம் கொடுமணல். நானும் போனேன். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் உள்ள ஊர். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருவது இதுவே என்பது அறிஞர் கருத்து. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் மணிக்கல் பட்டறைகளோடு இரும்பு உருக்கிய உலைகளும், மூசைகளோடு கூடிய ஓர் உலையும் வெளிப்பட்டன. தட்டார் பொன் உருக்கும் மூசை போன்ற களிமண் குடுவையில் இரும்போடு கரிப்பொருளையும் போட்டு மூடி உருக்குவதுதான் மூசை எஃகு. எங்கள் பழைய ஆற்காட்டுப் பக்கம் சங்கராபுரத்தை அடுத்த மேல்சிறுவளூரிலும் இத்தகைய மூசைத் துண்டுகளைப் பேராசிரியை சாரதா சீனிவாசன் 1990களில் கண்டு ஆராய்ந்தார். நான் பிறந்த சீமையிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடம் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

கொடுமணல் எஃகு பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறி போய் ரோமாபுரிக்குக் கப்பலேறியது என்று சொற்பொழிவுகளில் கேட்டிருப்பீர்கள். எனக்கும் அப்படி எழுத ஆசைதான், நம் ஊர் வாசலல்லவா! ஆனால் 'பெரிபுளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் இந்திய இரும்பும் எஃகும் வடமேற்கே அரியகே நாட்டிலிருந்து போனதாகக் கூறுகிறது. முசிறியின் ஏற்றுமதிப் பட்டியலில் மிளகு, முத்து, மணிக்கற்கள் எல்லாம் உண்டு, எஃகு இல்லை. மணிக்கல் கணவாய் வழி போயிருக்கலாம். எஃகைப் பற்றி அந்த அளவுக்குத் துணிந்து சொல்வதற்கில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். அந்தப் புகழ்பெற்ற எஃகில் ஸ்டியரிங் பின் செய்தால் அது தாங்காது. மூசை எஃகில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை கரி இருந்தது. வாளின் விளிம்புக்கு வேண்டிய கடினம் அதனால் வந்தது. கூடவே நொறுங்கும் குணமும் வந்தது. பால் பின்னுக்கான எஃகில் கரி 0.4 பங்கு அளவுதான், அதோடு குரோமியம் சுமார் 1 பங்கு. ஸ்டியரிங் பாக்ஸில் இருக்கும் பினியன் பல்லுக்கு இன்னும் குறைவு: கரி 0.2, மாங்கனீசும் குரோமியமும் ஏறக்குறைய ஒவ்வொரு பங்கு. பல்லாக வெட்டிய பிறகு கரிவாயு உலையில் வைத்து மேல்தோலுக்கு மட்டும் கரி ஏற்றுகிறார்கள். தேங்காய் போல, மேலே ஓடு, உள்ளே இளக்கம். பள்ளத்தில் விழுந்து அதிர்ந்தால் ஸ்டியரிங் பாகம் முறியக் கூடாது, முதலில் வளைய வேண்டும். வளைந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டிரைவருக்குத் தெரியும், இறங்கிப் பார்ப்பார். வாள் வளையக் கூடாது, இது வளைய வேண்டும்.

அப்படியானால் அந்தப் பழைய எஃகுக்கும் இதற்கும் உறவே இல்லையா? இருக்கிறது, அது நான் எதிர்பார்க்காத வழியில் வருகிறது.

1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இந்தியாவிலிருந்து வந்த 'வூட்ஸ்' என்னும் எஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். கன்னடத்தார் அதை 'உக்கு' என்பதன் திரிபு என்பர், நாம் 'உருக்கு' என்போம். ஒரே குடும்பத்துச் சொற்கள், சண்டை வேண்டியதில்லை. 1819இல் மைக்கேல் ஃபாரடே, மின்சார ஆராய்ச்சியால் புகழ்பெற்ற அதே ஃபாரடே, வூட்ஸைப் பகுத்துப் பார்த்தார். அதில் அலுமினியம் கலந்திருப்பதாகவும் அதனால்தான் அந்தச் சிறப்பு என்றும் முடிவு கட்டினார். முடிவு தவறு. ஆனால் அந்தத் தவறிலிருந்து, எஃகோடு வேறு உலோகத்தைக் கலந்தால் குணம் மாறுமல்லவா என்ற எண்ணம் பிறந்தது. ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து வெள்ளி, பிளாட்டினம், நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து உருக்கிப் பார்த்து 1820, 1822ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். கலப்பு எஃகு ஆராய்ச்சியின் தொடக்கங்களில் இது முக்கியமானது. மாங்கனீசு எஃகைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹாட்ஃபீல்டு, 1931இல் ஃபாரடேயின் அந்தப் பழைய துண்டுகளை மறுபடி ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். நம் கொல்லன் உருக்கிய கட்டி லண்டன் போய், தவறாகப் படிக்கப்பட்டு, சரியான பாதையைத் திறந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

குரோமியம் அப்படி. மாங்கனீசுக்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. 1800இல் புக்கானன் பாலக்காடு வழியாக மலபாருக்குள் பயணம் செய்தபோது உள்ளூரார் இரும்பு உருக்கும் உலைகளைக் கண்டு எழுதினார். அடுத்த தலைமுறையில் வந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் உத்தியோகஸ்தர். சேலத்து இரும்பின் தரத்தைக் கண்டு மயங்கி, உத்தியோகத்தை விட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலை தொடங்கினார். பிறகு நம் மலபார்க் கடற்கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது. உலைக்கு விறகுக்கரிதான், காடு காடாக வெட்டிக் கொட்டினாலும் கட்டுபடியாகவில்லை. கம்பெனி கடன் கொடுத்துக் கொடுத்துச் சலித்தது. ரயில் பாலக்காட்டைக் கடந்து பேப்பூர்க் கரைக்கு வந்து சேர்ந்ததோ 1860களின் தொடக்கத்தில்தான், ஹீத் மறைந்து பத்து வருடம் கழித்து.

இடையில் ஹீத் ஷெஃபீல்டு போய், மூசை எஃகில் மாங்கனீசு சேர்த்தால் அது பற்றவைக்கவும் அடிக்கவும் இணங்கும் என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். கந்தகத்தின் கெடுதலை மாங்கனீசு அடக்கிவிடுகிறது என்பது இன்றைய விளக்கம். எஃகு விலை இறங்கிற்று, ஷெஃபீல்டு முதலாளிகள் கொழித்தார்கள். ஹீத்தின் ஏஜெண்டாக இருந்த அன்வின் என்பவரே, மாங்கனீசைத் தனியாகப் பக்குவம் செய்யாமல் கரியோடு நேராக மூசையில் போட்டுவிட்டு, இது வேறு முறை என்று வாதாடினார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 1855இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்பளித்தது. ஹீத் அதற்கு முன்பே நொடித்துப்போய் இறந்துவிட்டார். பாலக்காட்டு மெக்கானிக்குகள் இன்று கழற்றி மாட்டும் பினியன் ஒவ்வொன்றிலும் மாங்கனீசு இருக்கிறது. பேப்பூர்ப் பக்கம் போனால் அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு மோட்டார்த் தொழிலுக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. இங்கேயே செய்வதாக இருந்தால் இருங்கள், இல்லாவிட்டால் கிளம்புங்கள் என்று 1953இல் அரசு கொள்கை வகுத்தது, அவர்கள் கிளம்பினார்கள். சென்னையில் அசோக் லேலண்டு, ஸ்டாண்டர்டு மோட்டார் என்று ஆலைகள் நின்றன. அவற்றுக்குப் பாகம் செய்ய ஆட்கள் வேண்டும். 1929இல் மோட்டார் வியாபாரக் கடையாகத் தொடங்கிய ரானே (மெட்ராஸ்) கம்பெனி, 1960 வாக்கில் டை ராடு எண்டுகளைச் செய்யத் தொடங்கியது. விற்பவனாகத் தொடங்கிச் செய்பவனாக மாறியவர்கள் என்பதால் எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை.

எண்டு செய்யலாம், எஃகு? கட்டடக் கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் நம்மிடம் ஆலை இருந்தது. குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகுக்கு லைசென்சும் அந்நியச் செலாவணியும் வேண்டும். விசுவேசுவரய்யா வளர்த்த பத்ராவதி ஆலை 1960களில் கலப்பு எஃகுக்குத் திரும்பியது. துர்காப்பூரில் அரசின் அலாய் ஸ்டீல்ஸ் ஆலை அதே பத்தாண்டில் எழுந்தது. பம்பாய்ப் பக்கம் கோபோலியில் மகிந்திரா யூஜின் வந்தது. அக்காலத்தில் ஒரே பெயர் போட்ட கம்பி ஒரு மாதம் ஒரு மாதிரி, அடுத்த மாதம் வேறு மாதிரி வரும் என்று பழைய பட்டறைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே ஒரு வேடிக்கை. கோவைக் கடைத்தெருவில் இன்றும் 'ஈ.என். 8 கொடுங்க, ஈ.என். 19 கொடுங்க' என்றுதான் கேட்பார்கள். அது இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் அவசரத்துக்குப் போட்ட வரிசை எண். பிரிட்டன்காரர்களே 1970களில் வேறு முறைக்குப் போய்விட்டார்கள். நாம் விடவில்லை!

ஒரு புதிய எஃகை ஸ்டியரிங்குக்கு ஏற்றதாக உருவாக்குவது என்றால் என்ன செய்கிறார்கள்? சமையல் குறிப்பைப் போலக் கலவை அளவு தெரிந்தால் போதும் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். கலவை பாதி வேலைதான். ஒரு உலை உருக்கை வார்த்து, உருட்டி, அதிலிருந்து 1 அங்குல விட்டமும் 4 அங்குல நீளமும் உள்ள ஒரு தண்டை வெட்டிக் காய்ச்சி, நிற்கவைத்து அடிமுனையில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். கீழிருந்து மேலாகக் கடினத்தை அளந்துகொண்டே போனால் இந்த எஃகு எவ்வளவு ஆழம் வரை பதம் ஏறும் என்று தெரிந்துவிடும். 1930களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் ஜாமினி என்பவர் வகுத்த சோதனை இது. நம் கொல்லர் அரிவாளுக்குத் தண்ணி காட்டிப் பதம் பார்ப்பதை அளவுகோலில் ஏற்றிய கெட்டிக்காரத்தனம். பிறகு அடித்துச் செய்த பின்னை யந்திரத்தில் பூட்டி லட்சக்கணக்கான தடவை இழுத்துத் தள்ளுவார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது சுத்தம். வோலர் சொன்ன களைப்பு வெடிப்பு எங்கே தொடங்கும்? மேற்பரப்பில் ஒரு கீறலில், அல்லது உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு கசடுத் துகளில். அதனால் நல்ல எஃகாலைகளில் உருக்கைக் கலத்தில் ஊற்றி, மேலே காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, கரைந்த வாயுக்களை வெளியே இழுக்கிறார்கள். ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் கீழே வந்தால்தான் இத்தகைய வேலைக்கு ஏற்பார்கள். என் பாதிவிலைப் பின்னில் இல்லாமற்போனது குரோமியம் மட்டுமல்ல, இந்தச் சுத்தமும்தான்.

1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகு கேட்கும் தரமும் மாறியது. ஜப்பான்காரர்கள் ஒவ்வொரு கம்பிக்கும் எந்த உலை, எந்த நாள் என்று கணக்குக் கேட்டார்கள். அதன் பலனைப் பிற்பாடு கண்டோம். தரத்துக்காக ஜப்பானியர் தரும் டெமிங் விருதை 2003இல் சோனா கோயோ ஸ்டியரிங்கும் 2007இல் ரானே (மெட்ராஸ்) நிறுவனமும் பெற்றன. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இருந்த சிஸ்கால் ஆலை 2000களில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமத்திடம் போய், மோட்டார் வண்டிக்கான கலப்பு எஃகில் பெயர் பெற்றது. ஹீத்தை மயக்கிய அதே சேலத்துச் சீமை. மலை இரும்பு இப்போது அங்கே பேச்சில் இல்லை, ஆலை இருக்கிறது. இன்றைய கார்களில் மின்மோட்டார் உதவும் ஸ்டியரிங் வந்துவிட்டது. கைக்கு லேசு, ஆனால் மோட்டார் வளையத்தண்டில் இருந்தால் அதன் பலமும் சேர்ந்து பினியன் பல்லின் மேல் இறங்குகிறது. ஆகவே எஃகுக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை.

நம்மவர் ஒருவர் சென்ற ஆண்டு விழாவில் கேட்டார்: "கஞ்சிக்கோட்டில் இத்தனை உருக்காலை இருக்கே, அங்கேயே இந்த எஃகைச் செய்யக் கூடாதா?" நல்ல கேள்வி. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் என்று கோவைப் பக்கத்திலிருந்து வந்த ஆலைகள் பல அவை. பழைய இரும்பை மின்தூண்டல் உலையில் உருக்கிக் கட்டடக் கம்பி ஆக்குகிறார்கள். அந்த உலை உருக்குமே தவிரச் சுத்திகரிப்பது மிகக் குறைவு. போட்டதுதான் வரும். பழைய இரும்போடு செம்புக் கம்பிச் சுருள் போய்விட்டால் அந்தச் செம்பை எந்த உலையாலும் பிரித்தெடுக்க முடிவதில்லை. தூணுக்குள் சும்மா நிற்கும் கம்பிக்கு அது பெரிய குறையில்லை. மலை இறங்கும் பின்னுக்கு ஆகாது. நல்ல எஃகு வாங்கிவந்து அடித்துப் பாகமாக்குவது வேறு. அந்த வேலை கேரளத்திலேயே திருச்சூர் அருகே அத்தாணியில் அரசின் ஸ்டீல் அண்டு இண்டஸ்ட்ரியல் போர்ஜிங்ஸ் ஆலையில் 1980களிலிருந்து நடக்கிறது.

கஞ்சிக்கோட்டுக்குப் போகும் பழைய இரும்பில் என் கடைச் சரக்கும் உண்டு. கழற்றிப் போட்ட எண்டுகளை அப்படியே எடைக்குப் போட்டால் இடையில் யாராவது பொறுக்கி, மெருகேற்றிப் புதுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொன்றையும் கேஸ் வைத்து இரண்டாக அறுத்த பிறகுதான் வண்டியில் ஏற்றுகிறோம். பையன்களுக்கு இது வீண் செலவு என்று எண்ணம். 1991ஆம் ஆண்டுத் துண்டு மட்டும் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. எண்டு வாங்க வரும் டிரைவர் பாதி விலைச் சரக்கு இருக்கிறதா என்று கேட்டால், அதை எடுத்து அவர் கையில் கொடுப்பேன்.